போனைப் பறித்தால் பிள்ளை வாய் திறக்காது: டிஜிட்டல் குடியுரிமைக்கு ஓர் எளிய அறிமுகம்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் பூட்டப்பட்டபோது பிள்ளைகளின் கையில் போனைக் கொடுத்தது பெரியவர்களாகிய நாங்கள்தான். ரீச்சர் வட்ஸ்அப் குரூப்பில் பயிற்சித்தாள் போடுவார். பிள்ளை கொப்பியில் செய்து, படமெடுத்துத் திருப்பி அனுப்பும். கொஞ்சம் வசதியான வீடுகளில் சூம் வகுப்பு. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மரத்தில் ஏறிய செய்திகள்கூட அந்த நாட்களில் வந்தன. பிறகு பாடசாலை திறந்தது. போன் மட்டும் எங்கள் கைக்குத் திரும்பி வரவில்லை. பாடசாலை அறிவித்தல், ரியூஷன் நேர மாற்றம், கணக்கு விளக்கும் யூடியூப் காணொலி என்று எல்லாம் இப்போது அதற்குள்தான் வருகின்றன.

போனைக் கொடுத்தோம். கூடவே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதைச் சொல்லிக்கொடுக்க அந்த அவசரத்தில் நேரம் கிடைக்கவில்லை. அந்தச் சொல்லிக்கொடுத்தலுக்குத்தான் டிஜிட்டல் குடியுரிமை என்று பெயர். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. இணையத்தில் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிவது ஒரு பாதி. அங்கே இருக்கிற மற்றவர்களுக்குக் கெடுதல் செய்யாமல், உண்மையாகவும் மரியாதையாகவும் நடப்பது மறுபாதி.

ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அந்த உரிமைகள் இணையத்திலும் அப்படியே பொருந்தும் என்று ஐ.நா.வின் சிறுவர் உரிமைகள் குழு 2021இல் தன் 25ஆவது பொதுக் கருத்துரையில் எழுதியது. பாதுகாப்பாக இருக்கும் உரிமை மட்டுமல்ல. தகவல் பெற, கருத்துச் சொல்ல, விளையாட, தனிமை பேணவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. ஆகவே “போனே வேண்டாம்” என்பது முழு விடையாகாது.

பூட்டுப் போடும் செயலிகள், நேரக் கட்டுப்பாடு, பாஸ்வேர்ட் என்று நிறையச் சொல்லலாம். கீழே சிலவற்றைச் சொல்லவும் போகிறேன். ஆனால் அவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. பிழை விட்ட பிள்ளை, அடி விழும், போன் போகும் என்ற பயமில்லாமல் வீட்டில் வந்து சொல்லுமா? சொல்லும் என்றால் மற்ற எதையும் சமாளிக்கலாம். சொல்லாது என்றால் எந்தச் செயலியும் உதவாது.

பிள்ளை ஏன் மறைக்கிறது

தரம் 8 படிக்கிற ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறான். விளையாட்டுக்குள் குரலில் பேசலாம். இரண்டு மூன்று வாரமாக ஒரே அணியில் விளையாடுகிற ஒருவன், நல்ல தமிழில், “மச்சான், உனக்கு டயமண்ட் அடிச்சுத் தாறன், ஐடியையும் பாஸ்வேர்டையும் அனுப்பு” என்கிறான். டயமண்ட் என்றால் அந்த விளையாட்டில் உடுப்பும் ஆயுத அலங்காரமும் வாங்குகிற பணம். பையன் அனுப்புகிறான். இரவுக்குள் கணக்கு பூட்டிக்கொள்கிறது. மாதக்கணக்கில் சேர்த்ததெல்லாம் போய்விட்டது. அப்போது அதே ஆள் வட்ஸ்அப்பில் வருகிறான்: “திருப்பித் தாறன். ஆனா உன்ட ஒரு போட்டோ அனுப்பு. சும்மா, முகம் தெரிஞ்சாப் போதும்.” முதல் படம் சாதாரணமானது. அடுத்தது சட்டையில்லாமல். அதற்கடுத்தது வந்ததும் குரல் மாறுகிறது: “வீட்டில சொன்னா உன்ட ஸ்கூல் குரூப்பில போடுவன்.”

இந்தப் பாதையில் பையன் திரும்பியிருக்கக்கூடிய இடங்கள் பல. பாஸ்வேர்ட் கேட்டபோது, கணக்குப் போனபோது, முதல் படம் கேட்டபோது. ஒவ்வொரு இடத்திலும் அவனைத் தடுத்தது ஒரே எண்ணம்தான்: அப்பாவுக்குத் தெரிந்தால் போனை உடைப்பார். மிரட்டுகிறவனுக்கு அது நன்றாகத் தெரியும். “வீட்டில் சொல்லாதே” என்பது அவனுடைய முதல் ஆயுதம். அந்த ஆயுதத்துக்குக் கூர் தீட்டிக் கொடுப்பது எங்கள் தண்டனை.

பொம்பிளைப் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபத்து என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. அழகான பெண் படம் போட்ட போலிக் கணக்கிலிருந்து பையன்களிடம் அந்தரங்கப் படம் வாங்கிக்கொண்டு, பிறகு பணம் கேட்டு மிரட்டுவது உலகம் முழுக்க நடக்கிற ஒரு வியாபாரம். அவமானத்தால் பையன்கள் வாயே திறப்பதில்லை. “ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது” என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்கென்று இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் தாயோ தகப்பனோ வளைகுடா நாடுகளில் வேலைசெய்ய, அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் போன் விளையாட்டுச் சாமான் அல்ல. இரவு வேலை முடிந்து அம்மா முகம் காட்டுகிற இடம் அது. அந்த வீட்டில் “போனைப் பறிப்பேன்” என்றால் பிள்ளையின் காதில் “அம்மாவைப் பார்க்க விடமாட்டேன்” என்றுதான் விழும். அப்படிப்பட்ட பிள்ளை எதையும் சொல்லிப் போனை இழக்கத் துணியாது. இப்படியான குடும்பங்களில் ஒரு சொல்லைத் தெளிவாகக் கொடுத்துவிட வேண்டும்: என்ன நடந்தாலும் அம்மாவோடு பேசுகிற நேரம் போகாது. விதி மீறினால் விளையாட்டுச் செயலியை ஒரு கிழமைக்கு எடுத்துவிடலாம். அம்மாவோடு பேசுகிற அழைப்பைப் பறிக்கக்கூடாது. தூரத்தில் இருக்கிற தாயும் அந்த அழைப்பில் “படிச்சியா, சாப்பிட்டியா” என்பதோடு, “இண்டைக்குப் போன்ல புதுசா ஆர் கதைச்சது?” என்று சாதாரணமாக ஒன்று கேட்டால், கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும்.

ஏதாவது நடந்துவிட்டால்

பிள்ளை வந்து சொன்ன முதல் ஐந்து நிமிடத்தில் நீங்கள் பேசுகிற விதம்தான் மிச்சத்தைத் தீர்மானிக்கும். “ஏன் செய்தாய்” என்ற கேள்வி பிறகு வரட்டும். “சொன்னது நல்லது. இனி நான் பார்க்கிறேன்” என்பது முதலில் வரட்டும்.

பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். ரீலோட் ஆக இருந்தாலும் சரி, ஈஸி கேஷ் ஆக இருந்தாலும் சரி, ஒருமுறை கொடுத்தால் கொடுக்கிற வீடு என்று தெரிந்து மறுபடி கேட்பார்கள். அந்த ஆளை உடனே புளொக் செய்ய மனம் பதறும். அதற்கு முன் மிரட்டல் செய்திகள், அந்த இலக்கம், கணக்கின் பெயர், திகதி, நேரம் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைக்க வேண்டும். உரையாடலை அழிக்கக்கூடாது. வட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் அந்த ஆள் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும்; ரிப்போர்ட் செய்துவிட்டுப் புளொக் பண்ணலாம்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. பிள்ளையின் அந்தரங்கப் படத்தை “இதைப் பாருங்கோ, என்ன செய்யலாம்” என்று மாமாவுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஒருபோதும் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவதும் வைத்திருப்பதும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். நல்லெண்ணத்தோடு அனுப்பினாலும், அந்தப் படம் இன்னொரு போனில் ஏறிவிட்டது என்பது மாறாது.

யாரிடம் போவது? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு 24 மணிநேரமும் இலவசமாக அழைக்கலாம். பிள்ளையே நேராக அழைக்கலாம். அதற்குப் பெரியவர் துணை வேண்டியதில்லை. பொலிஸ் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தின் இலக்கம் 109. கணக்கு திருடப்பட்டது, போலிக் கணக்கு உருவாக்கப்பட்டது போன்றவற்றுக்கு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101. நேரில் பேச விரும்புபவர்கள் தங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேட்கலாம். பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினாலோ, சாப்பிடாமல் உறங்காமல் ஒடுங்கிப் போனாலோ 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் மறக்க வேண்டாம். இந்த நான்கு இலக்கங்களில் 1929ஐ மட்டுமாவது பிள்ளையின் போனில் சேமித்துக் கொடுங்கள்.

படம் பரவிவிடும் என்ற பயத்துக்கு ஒரு கருவி இருக்கிறது. அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்படும் சிறுவர்களுக்கான தேசிய மையம் 2023இல் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ என்ற சேவை அது. எந்த நாட்டிலிருந்தும், பெயர் சொல்லாமல், இலவசமாகப் பயன்படுத்தலாம். அது வேலைசெய்கிற விதம் இப்படி: படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. போனுக்குள்ளேயே அந்தப் படத்திலிருந்து ஒரு நீண்ட குறியீடு கணக்கிடப்படும். அந்தக் குறியீட்டிலிருந்து படத்தைத் திருப்பி உருவாக்க முடியாது. ஆனால் அதே படம் எங்காவது ஏற்றப்பட்டால் குறியீடு ஒத்துப்போகும். இத்திட்டத்தில் சேர்ந்திருக்கிற பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அந்தக் குறியீட்டை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். வட்ஸ்அப் போல மறையாக்கம் செய்யப்பட்ட தனி உரையாடலுக்குள் இது போகாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். என்றாலும், “எல்லாம் முடிந்துபோய்விட்டது” என்று உடைந்திருக்கிற பிள்ளைக்கு, செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது என்று காட்டுவதே பெரிய தெம்பு.

ஸ்டிக்கர் செய்த பிள்ளை

இதுவரை சொன்னது பிள்ளைக்கு யாரோ செய்கிற தீங்கு. பிள்ளை யாருக்கோ செய்கிற தீங்கைப் பற்றி வீடுகளில் பேச்சே எழுவதில்லை. எனக்கு இதுதான் கூடுதல் கவலை.

ரியூஷன் குரூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சேர் நோட்ஸ் போடுவதற்காகத் தொடங்கியது. பிறகு சேர் இல்லாத இன்னொரு குரூப் பிறக்கும். உண்மையான உரையாடல் அங்கேதான். ஒரு நாள் வகுப்பில் கண் அயர்ந்த பிள்ளையை, வாய் திறந்தபடி, யாரோ படமெடுக்கிறார்கள். வட்ஸ்அப்பிலேயே அதை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கலாம். ஒரு நிமிட வேலை. ஸ்டிக்கர் குரூப்பில் விழுகிறது. சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வருகின்றன. இனி அந்த வகுப்பில் யார் எதற்குச் சோம்பல் பட்டாலும் அதே முகம்தான் பதில். படம் என்றால் கண்ணில் பட்டு மறந்துபோகும். ஸ்டிக்கர் ஒவ்வொரு போனிலும் சேமிக்கப்பட்டு, மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பிள்ளையும் அதே குரூப்பில்தான் இருக்கிறது. வெளியேறினால் “கோவிச்சிட்டுப் போயிட்டா” என்று அதற்கும் ஒரு ஸ்டிக்கர். பிறகு “வயிறு வலிக்குது” என்று ரியூஷனுக்குப் போகாமல் நிற்கும். காரணம் வீட்டுக்குத் தெரியாது.

செய்த பிள்ளை கெட்ட பிள்ளை அல்ல. முன்னால் நின்று சொல்லியிருந்தால் எதிரில் இருப்பவரின் முகம் வாடுவதைக் கண்டு நிறுத்தியிருக்கும். திரையில் முகம் வாடுவது தெரியாது, சிரிப்புப் பொம்மை மட்டும் தெரியும். அதனால்தான் இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. “இதை அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு முன்னால் காட்டுவாயா?” என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

குரூப்பில் இருந்துகொண்டு சும்மா பார்த்த பிள்ளைக்கும் இதில் பங்கு உண்டு. பொதுவில் எதிர்த்துப் பேச எல்லாப் பிள்ளைக்கும் துணிவு வராது. அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். சிரிப்புப் பொம்மை போடாமல் இருக்கலாம். ஸ்டிக்கரைச் சேமிக்காமல் விடலாம். பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் தனியாக “எனக்கு அது பிடிக்கேல்ல, நாளைக்கு வா” என்று ஒரு வரி அனுப்பலாம். அந்த ஒரு வரியின் பெறுமதி பெரியவர்களுக்கு விளங்குவது கஷ்டம், பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கும்.

இதே குறும்பு இப்போது இன்னொரு படி ஏறிவிட்டது. சாதாரணப் படத்தைக் கொடுத்தால் உடுப்பில்லாத படமாக மாற்றித் தரும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செயலிகள் வந்துவிட்டன. “உண்மைப் படம் இல்லைத்தானே” என்று பையன்கள் சொல்வார்கள். உண்மையில்லாத படம் உண்மையான ஒரு பெண் பிள்ளையின் பெயரைக் கெடுக்கிறது, அவளைப் பாடசாலையை விட்டே நிறுத்திவிடக்கூடும். இதில் வீட்டில் விட்டுக்கொடுப்பே இருக்கக்கூடாது. மகனிடம் நேராக, பெயர் சொல்லி, இது குற்றம் என்று சொல்லுங்கள். மகளிடம், இப்படி வந்தால் அது உன் பிழை அல்ல என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பரவுகிற செய்தி

2004 டிசம்பர் 26ஐ அனுபவித்த கரை எங்களுடையது. “கடல் உள்வாங்குது” என்று ஒரு வொய்ஸ் கட் வந்தால் போதும், திருக்கடலூரிலிருந்து நிலாவெளி வரைக்கும் சனம் பதறும். அந்தப் பதற்றத்தை வைத்து வேடிக்கை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், நல்லது செய்வதாக நினைத்து அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் சுனாமி எச்சரிக்கையைப் பொறுப்பாக வெளியிடுவது வளிமண்டலவியல் திணைக்களம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. செய்தி வந்தால் அனுப்ப முதல் இந்த இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். வட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஏற்கெனவே குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். உங்களுக்கு அனுப்பியவர் நல்லவர் என்பது செய்தி உண்மை என்பதற்குச் சான்றல்ல. அவருக்கும் யாரோ அனுப்பியதுதான்.

சுனாமி வதந்தியால் பதற்றம்தான் மிஞ்சும். இன வதந்தியால் கடை எரியும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு காணொலி பரவியது. அப்படியொரு மாத்திரையே உலகத்தில் கிடையாது. அது மாவுக் கட்டி என்று பின்னர் பரிசோதனையில் தெரிந்தது. அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த மாதம் திகனையில் வன்முறை வெடித்தபோது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் நாடு முழுக்கத் தடுத்தது. தன் தளம் அந்த வன்முறையில் வகித்த பங்குக்காக 2020 மேயில் பேஸ்புக் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்காரருக்கு அந்த வருத்தம் எதைத் திருப்பிக் கொடுக்கும்?

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மீன் சந்தையில், ஒரே பஸ்ஸில் நிற்கிற ஊர் இது. இங்கே ஒரு பிள்ளை ஷெயார் பண்ணுகிற காணொலி அடுத்த தெருவில் இருக்கிற ஆட்களைப் பற்றியது. “அவங்கள் இப்படித்தான்” என்று ஒரு சமூகத்தை முழுதாகச் சேர்த்துச் சொல்கிற எந்தச் செய்தியையும் நிறுத்திவைக்கப் பழக்குங்கள். எங்கே, எப்போது எடுத்தது, யார் முதலில் போட்டது என்று கேட்கப் பழக்குங்கள். வீட்டுப் பெரியவர்களின் குரூப்களில் இப்படியானவை ஓடினால் பிள்ளை அதைத்தான் பார்த்துப் பழகும். இன, மத வெறுப்பைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதையும், 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்றொன்று வந்திருப்பதையும், மூத்த பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று அந்த 2024 சட்டம் பலத்த விமர்சனத்துக்கும் ஆளானது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளை பயந்து ஒதுங்காமல் யோசித்துப் பேசும்.

நாங்களே போடுகிற படங்கள்

மகளுக்குச் சாமத்திய வீடு. ஹோல், மணவறை, ட்ரோன் கமெரா, எல்லாம் சிறப்பு. பிறகு படப்பிடிப்புக்காரர் தன் பேஸ்புக் பக்கத்திலும் யூடியூபிலும் மூன்று நிமிடக் காணொலி போடுகிறார்; பிள்ளையின் பெயர், முகம், திகதி எல்லாம் தெளிவாக. வெளிநாட்டுச் சொந்தங்கள் வாழ்த்துகிறார்கள். கொமென்ட்டில் முன்பின் தெரியாத ஆண்கள் வந்து எழுதுவதையும் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உடலில் நடந்த மாற்றத்தை உலகத்துக்கே பெயர் சொல்லி அறிவித்துவிட்டு, அதே பிள்ளையிடம் “போட்டோ ஒண்டும் போடாத” என்று சொல்வதில் நியாயமில்லை.

சடங்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. படப்பிடிப்புக்காரரோடு பேசும்போதே, பொதுப் பக்கத்தில் போடக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். சொந்தங்களுக்கு லிங்க்கைத் தனியாக அனுப்பலாம். முக்கியமாக, மகளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தன் படத்தைப் பற்றித் தன்னிடம் கேட்கப்பட்ட பிள்ளை, நாளைக்கு இன்னொருவர் படம் கேட்டு நெருக்கும்போது “இல்லை” என்று சொல்லும். புலமைப்பரிசில் முடிவு வந்ததும் பெயர், பாடசாலை, சுட்டிலக்கம் எல்லாம் தெரிய முடிவுத்தாளையே போட்டுவிடுவதும் இந்த வகைதான். மகிழ்ச்சியைச் சொல்லுங்கள், இலக்கத்தை மறையுங்கள்.

வயதும் போனும்

திருகோணமலை டச்சுபே கடற்கரையில் பிள்ளையைக் கடலில் விடுகிற விதம் இங்கே எல்லோருக்கும் தெரியும். முதலில் கையைப் பிடித்து அலை நுனியில்; பிறகு இடுப்பளவில், பக்கத்தில் நின்று; பிறகு கரையிலிருந்து பார்த்தபடி. மாரியில் எவ்வளவு நன்றாக நீந்துகிற பிள்ளையையும் இறக்குவதில்லை. போனும் அப்படித்தான் கைக்கு வர வேண்டும்.

இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. சோறு ஊட்டப் போன் காட்டுகிற பழக்கத்தை இங்கேயே நிறுத்திவிட்டால் பிறகு வருகிற பாதிச் சண்டை குறையும். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்குச் சொந்தப் போன் தேவையில்லை. அம்மாவின் போனில், கூடத்தில் இருந்து பார்க்கட்டும். இரவில் எல்லோருடைய போனும், பெரியவர்களுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜ் ஆகட்டும்.

பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் எல்லாம் 13 வயதைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே இல்லை என்று ஆக்கிவிட்டது. மெல்பேர்ணில் இருக்கிற சொந்தங்களின் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள். இங்கே அப்படித் தடை இல்லை, ஆனால் இங்கே நடக்கிற ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். கணக்குத் திறக்கும்போது பிறந்த ஆண்டைக் கூட்டிக் கொடுப்பது. போன் கடையில் “1995 எண்டு போடுங்கோ” என்று சொல்லிவிட்டு வருகிறோம். இந்தச் செயலிகள் பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கிற காப்புகள் எல்லாம் அந்தப் பிறந்த ஆண்டைப் பார்த்துத்தான் இயங்குகின்றன. டிக்டொக்கில் 16 வயதுக்குக் குறைந்தவருக்கு 2020 முதல் தனிச் செய்தி அனுப்ப முடியாது. 2021 முதல் அவர்களின் கணக்கு தானாகவே மற்றவர் பார்க்க முடியாதபடி இருக்கும். இன்ஸ்டகிராமும் 2024 செப்டம்பரில் பதின்ம வயதினருக்கான தனிக் கணக்கை அறிமுகப்படுத்தியது. முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது, 16க்குக் குறைந்த பிள்ளை அந்தக் காப்பைத் தளர்த்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். 1995 என்று போட்ட பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது. அந்தக் கணக்கின்படி அது முப்பது வயது ஆள். ஏற்கெனவே அப்படித் திறந்திருந்தால், சரியான பிறந்த திகதியோடு புதிதாகத் திறப்பதே நல்லது.

டிக்டொக் எதை அடுத்துக் காட்டுவது என்று எப்படித் தீர்மானிக்கிறது என்பதையும் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். லைக் போட்டால்தான் என்றில்லை. ஒரு காணொலியில் எவ்வளவு நேரம் நின்றாய் என்பதையும் அது கணக்கெடுக்கிறது. சோகக் காணொலியில் நின்றால் இன்னும் சோகம் வரும், சண்டையில் நின்றால் இன்னும் சண்டை. பிடிக்காததை நீண்ட நேரம் அழுத்தி “நொட் இன்ட்ரஸ்டட்” கொடுத்துப் பாருங்கள், இரண்டொரு நாளில் வருகிறவை மாறும். தனக்குக் காட்டப்படுவதைத் தான் மாற்றலாம் என்று கண்ட பிள்ளை அதைப் பார்க்கிற விதமே வேறாகிவிடும்.

வட்ஸ்அப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அரை மணிநேரத்தில் ஒழுங்குபடுத்திவிடலாம். செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் குரூப்ஸ். யார் சேர்க்கலாம் என்பதில் “மை கொன்டக்ட்ஸ்” தெரிவுசெய்தால் தெரியாதவர்கள் குரூப்பில் இழுத்துப் போட முடியாது. முகப்புப் படத்துக்கும் அதையே கொடுங்கள். பிறகு அக்கவுண்டில் டூ-ஸ்டெப் வெரிபிகேஷன். ஆறு இலக்கத்தில் ஒரு பின் கேட்கும். “லிங்க்ட் டிவைசஸ்” என்ற இடத்தையும் திறந்து பாருங்கள். நீங்கள் இணைக்காத கணினி அங்கே இருந்தால், யாரோ செய்திகளை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், உடனே வெளியேற்றுங்கள். எஸ்.எம்.எஸ்ஸில் வருகிற ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், கூடப் படிக்கிற பிள்ளையே கேட்டாலும், கொடுக்கக்கூடாது. கேட்பது அந்தப் பிள்ளையாக இல்லாமல், அதன் கணக்கைத் திருடியவனாக இருக்கலாம்.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற குடும்பங்கள் ஒரு ரகசியச் சொல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். “அம்மா, இது என்ட புது நம்பர், அவசரமாக் காசு வேணும்” என்று வந்தால் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். குரலையே ஏஐ கொண்டு போலியாகச் செய்ய முடிகிற காலம் இது. குரல் ஒத்திருக்கிறது என்பது போதாது.

இந்த வேலையை நீங்கள் செய்து பிள்ளையைப் பார்க்க வைப்பதைவிட, பிள்ளை செய்ய நீங்கள் பக்கத்தில் இருப்பது நல்லது. பிள்ளையின் போன் முடிந்ததும் அம்மம்மாவின் போனைக் கொடுங்கள். குரூப்ஸை மாற்றி, பின் போட்டு, அந்தப் பின்னை அம்மம்மா நினைவில் வைக்கக்கூடியதாக அவரிடமே கேட்டுத் தெரிவுசெய்து, யாருக்கும் சொல்லக்கூடாது என்று பிள்ளையே விளங்கப்படுத்தட்டும். இரட்டை அம்புக்குறி எங்கே வரும் என்றும் காட்டட்டும். அம்மம்மா அனுப்புகிற காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் சுனாமி வதந்தி ஒன்றும் இருந்தால், அதை எப்படிச் சரிபார்ப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்து 117க்கு அழைத்தே பார்க்கட்டும்.